ஸ்டேஷனா, கலெக்டர் மனுவா, சட்ட உதவியா: மாற்றுத்திறனாளி இருக்கிற வீட்டுக்காரங்க முதல்ல எங்க போகணும்?

தர்மபுரி மாவட்டத்துல வீட்டுல என்ன பிரச்சனைன்னாலும் ஜனங்க வாயில முதல்ல வர்றது ரெண்டு பேச்சுதான். ஒண்ணு, ஊர்ல பேசி முடிச்சுக்கலாம். இன்னொண்ணு, திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துடு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமும் இதேதான். உதவித்தொகை நின்னு போனாலும் மனு, பங்காளி நிலத்த அமுக்கினாலும் மனு, பொண்ண ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தாலும் மனு. நான் பாலக்கோட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே மனு டைப் அடிச்சும் குடுப்பேன். என் தங்கச்சிக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் வராது, அதனால மாற்றுத்திறனாளிங்க வீட்டுல இருந்து வர்றவங்க என்கிட்ட கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவாங்க. அப்படி கேட்டு கேட்டு எனக்குப் புரிஞ்சது, கேஸ் நல்லா இருந்தும் தப்பான இடத்துல போய் மாசக்கணக்குல நின்னுட்டு சரியான இடத்துக்கு லேட்டா வந்து நம்ம ஜனங்க தோத்துப் போறாங்க.

அதான் எந்தப் பிரச்சனைக்கு எங்க போனா வேலை நடக்கும், எங்க போனா பேப்பர் மட்டும் மேஜைக்கு மேஜை நகரும்னு ஒண்ணோட ஒண்ணு வெச்சு எழுதறேன். நான் வக்கீல் இல்ல, சட்டத்துல இருக்கிறதயும் கூட இருந்து பாத்ததயும் தான் எழுதறேன். ஒரு இடம் நல்லதா கெட்டதான்னு நான் பாக்கறது ஒரே கணக்குதான்: அங்க உக்காந்திருக்கிறவருக்கு எதிராளிய வரவழைச்சு உத்தரவு போட அதிகாரம் இருக்கா, இல்ல மேல எழுதி அனுப்ப மட்டும்தான் முடியுமா. ஆபீசர் நல்லவரா இருந்தாலும் அதிகாரம் இல்லன்னா அவரால நமக்கு டீ வாங்கிக் குடுக்கத்தான் முடியும்.

முதல்ல ஊர் பஞ்சாயத்து. மொத்தமா தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆடு மேஞ்சுது, தண்ணி மொறை மாறிப் போச்சு, வழித்தடத்துல வேலி போட்டுட்டாங்க, இதெல்லாம் பெரியவங்க அரை நாள்ல முடிச்சு வெச்சிடுவாங்க, அதே விஷயம் கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்குல இழுக்கும். ஆனா மாற்றுத்திறனாளி விஷயம்னு வந்துட்டா பாதிக்கப்பட்ட ஆள உக்கார வெச்சுக் கேக்கறதே கெடையாது. அப்பா பேசுவாரு, மாமா பேசுவாரு, அண்ணன் தலையாட்டுவாரு, "அவனுக்கு என்ன தெரியும், நாங்க பாத்துக்கறோம்"னு ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதி கைநாட்டு வாங்கிடுவாங்க. அதுக்கு அடுத்தது சார்பதிவாளர் ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம், அதாவது பாகத்த விட்டுக் குடுத்துட்டேன்னு எழுதற பத்திரம், அது பதிவாயிட்டா திருப்பறதுக்கு தாவு தீந்துடும். கல்யாணம் ஆகாதவன், பேச்சு வராத பொண்ணு, இவங்களுக்கு எதுக்கு பாகம்னு இன்னும் தைரியமா கேக்கறாங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 28வது பிரிவ படிச்சுப் பாருங்க, நோய், ஊனம்னு எதக் காட்டியும் ஒருத்தரோட வாரிசு உரிமைய மறுக்கக் கூடாதுன்னு நேரா இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 13வது பிரிவும் சொத்து வெச்சுக்கறதுக்கும் வாரிசா வாங்கறதுக்கும் மத்தவங்களுக்கு இருக்கிற அதே உரிமைன்னு சொல்லுது. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, உதவிக்கு கூட நிக்கிறவருக்கும் அந்த மாற்றுத்திறனாளிக்கும் அந்த சொத்து விஷயத்துலயே நலன் முட்டுச்சுன்னா உதவிக்கு இருக்கிறவர் அதுல இருந்து ஒதுங்கிடணும். அதாவது தம்பிக்கு பதிலா அண்ணனே பேசி அண்ணனே பாகத்த எடுத்துக்கறது செல்லாத வேலை.

பொண்ணுங்க மேல கை வெச்ச விஷயத்த பஞ்சாயத்துல வெக்கவே வெக்காதீங்க. இது என் கோபம் மட்டும் இல்ல, பாலியல் வன்கொடுமை கேஸ்ல சமரசம்ங்கிற பேச்சுக்கே எந்த சூழ்நிலையிலயும் இடமில்லன்னு சுப்ரீம் கோர்ட் 2015லயே சொல்லிடுச்சு. காசு வாங்கிட்டீங்கன்னா அப்புறம் அந்தக் காசையே காட்டி உங்க பொண்ணு சொன்னது பொய்னு கோர்ட்ல கேப்பாங்க.

அடிதடி, மிரட்டல், கை வெச்சது, பொருள உடைச்சது, இதுக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்தான், வேற எங்கயும் போய் நாள வீணாக்காதீங்க. கலெக்டர்கிட்ட மனு குடுத்தா அது எஸ்பி ஆபீசுக்குப் போய் அங்க இருந்து அதே ஸ்டேஷனுக்குத்தான் திரும்பி வரும், அதுக்குள்ள காயம் ஆறிப் போயிருக்கும், சாட்சி மனசு மாறிப் போயிருக்கும். நம்ம ஊர் ஸ்டேஷன்ல மொதல்ல சிஎஸ்ஆர் ரசீது குடுப்பாங்க, அது புகார் வந்து சேந்ததுக்கான ரசீதுதான், எஃப்ஐஆர் இல்ல. 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ்ல, 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குக் கீழ தண்டனை இருக்கிற குற்றத்துக்கு டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு ஒரு இடம் குடுத்திருக்காங்க, அதனால ரசீத வாங்கினதும் தேதிய குறிச்சு வெச்சுக்கங்க. எஃப்ஐஆர் போட மாட்டேன்னா எஸ்பிக்கு தபால்ல புகார் அனுப்பலாம், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகலாம், இது 173வது பிரிவு. எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீ, யாரும் காசு கேக்கக் கூடாது.

ஸ்டேஷன்ல கேக்க வேண்டிய முக்கியமான ஒண்ணு, 2016 சட்டத்தோட 92வது பிரிவ சேக்கச் சொல்லி கேக்கறது. எழுதறவங்க சாதாரண அடிதடின்னு புது தண்டனைச் சட்டம் பிஎன்எஸ்ல ஒரு சின்ன பிரிவ போட்டு முடிச்சிடறாங்க. 92வது பிரிவுல பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தறது, அடிக்கறது, பராமரிப்புல வெச்சுக்கிட்டு சோறு தண்ணி குடுக்காம விடறது, உதவிக் கருவிய சேதப்படுத்தறது எல்லாமே வருது, தண்டனை 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும், அபராதமும் உண்டு. காதுமெஷின பிடுங்கி மிதிச்சான், மூணு சக்கர வண்டிய தள்ளி ஒடைச்சான், இதெல்லாம் வெறும் பொருள் சேதம் இல்ல, இந்தப் பிரிவுல வர்ற குற்றம். இந்தச் சட்டத்துக்குன்னு மாவட்ட செஷன்ஸ் கோர்ட்ட சிறப்பு நீதிமன்றமா அறிவிக்கணும்னு 84வது பிரிவு சொல்லுது, அரசு தரப்புக்கு தனி வக்கீல் வெக்கணும்னு 85வது பிரிவு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஏஆர் காப்பில, அதாவது டாக்டர் காயத்தப் பதிவு பண்ற காப்பில, யாரு அடிச்சாங்க எதால அடிச்சாங்கன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு வாங்க, கீழ விழுந்தாருன்னு எழுதிட்டாங்கன்னா பின்னாடி ரொம்ப கஷ்டம்.

பாலியல் குற்றம்னா பாதிக்கப்பட்டவங்க மாற்றுத்திறனாளியா இருந்தா அவங்க ஸ்டேஷனுக்கு வரணும்னே இல்ல. போலீஸ் அவங்க வீட்டுக்கோ அவங்க சொல்ற வசதியான இடத்துக்கோ வந்து, சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லன்னா சிறப்பு ஆசிரியர வெச்சுக்கிட்டு புகார வாங்கணும், வீடியோவும் எடுக்கணும். சாட்சியா கூப்பிடறதா இருந்தாலும் உடலோ மனசோ குறை இருக்கிறவங்கள அவங்க இருக்கிற இடத்த விட்டு வேற எங்கயும் வரச் சொல்லக் கூடாதுன்னு பிஎன்எஸ்எஸ்ல 179வது பிரிவு இருக்கு. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி குடுக்கிற வாக்குமூலத்துக்கு இன்னும் நல்ல ஏற்பாடு இருக்கு, வீடியோவோட பதிவு பண்ணிட்டா அதையே முதல் விசாரணையா எடுத்துக்கலாம், அப்புறம் கோர்ட்ல எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை மட்டும்தான், நடந்ததையே மறுபடி முதல்ல இருந்து சொல்ல வேண்டியதில்ல. இத நம்ம பக்கத்துல பல பேருக்கு யாரும் சொல்றதே இல்ல, நாமதான் எழுதிக் கேக்கணும்.

இந்த மொழிபெயர்ப்பாளர் விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா கேஸ் நிக்கிறதும் விழறதும் பெரும்பாலும் இங்கதான். என் தங்கச்சி ஸ்கூலுக்குப் போனது கொஞ்ச நாள்தான், அவளுக்கு தெரிஞ்சது எங்க வீட்டு சைகை. வரப்புன்னா இடது கைய நீட்டி வெச்சு வலது உள்ளங்கை ஓரத்தால அதுமேல கோடு இழுப்பா. எங்க பக்கத்து நிலத்துக்காரர்னா தோள்ல துண்டு போடற மாதிரி காட்டி உடனே ஒரு கால இழுத்து நடந்து காட்டுவா. நேத்துன்னா கைய தோளுக்குப் பின்னாடி தள்ளுவா, ரொம்ப நாள் முன்னாடின்னா அதையே மூணு நாலு தடவ தள்ளுவா. வரப்புத் தகராறுல அவள தள்ளி விட்டு மெஷின மிதிச்சப்ப நாங்க போன ஸ்டேஷன்ல என் அம்மாவ கேட்டு எழுதிட்டாங்க, அவ பக்கத்துல நின்னு கைய ஆட்டிக்கிட்டே இருக்கா, ஒருத்தரும் திரும்பிக் கூடப் பாக்கல. அம்மா அந்த நேரத்துல வீட்டுல இருந்தாங்க, எதையும் பாக்கல. அப்ப அந்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு இருக்கு சொல்லுங்க. அப்புறம் வெளியூர்ல இருந்து சைகை மொழி முறையா படிச்ச ஒருத்தர் வந்தாரு, நல்ல மனுஷன், ஆனா அவர் சைகை இவளுக்குப் புரியல, இவ சைகை அவருக்குப் புரியல. கடைசில எங்க தெருவுல ரொம்ப வருஷமா இருக்கிற அங்கன்வாடி டீச்சரம்மா வந்து அவர் பக்கத்துல உக்காந்ததுக்கு அப்புறம்தான் அவ சொன்னது முழுசா பேப்பர்ல ஏறுச்சு.

சட்டமும் இதுக்கு ஒத்து வருது. பேச முடியாத சாட்சி எழுதியோ சைகை காட்டியோ சாட்சி சொல்லலாம், அது வாயால சொன்ன சாட்சிக்கு சமம், மொழிபெயர்ப்பாளர் உதவியோட வீடியோ எடுக்கணும்னு புது சாட்சியச் சட்டத்துல 125வது பிரிவு சொல்லுது, பழைய சட்டத்துல இது 119. ராஜஸ்தான் கேஸ் ஒண்ணுல 2012ல சுப்ரீம் கோர்ட் சொன்னத எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்: மொழிபெயர்க்கிறவர் சாட்சியோட அதே சுத்துவட்டாரத்துக்காரரா இருக்கணும், ஆனா கேஸ்ல அவருக்கு எந்த சம்பந்தமும் இருக்கக் கூடாது, அவருக்கு சத்தியப்பிரமாணம் செய்து வெக்கணும், அர்த்தத்த மட்டும் எழுதினா போதாது, காட்டின சைகையையும் எழுதணும். அந்தக் கேஸ்ல சாட்சியோட அப்பாவே மொழிபெயர்த்தாரு, அந்த சாட்சியம் நிக்கல. ஆக அப்பா அம்மாவ நம்பி போகாதீங்க. காது கேளாதோர் பள்ளில சொல்லிக் குடுத்த டீச்சர், தெருவுல பழகின ஆள், நூறு நாள் வேலைல கூட வேலை செஞ்ச அக்கா, இந்த மாதிரி ஒருத்தர முன்னாடியே யோசிச்சு பேர எழுதிக் குடுங்க.

கண்ணு தெரியாதவங்க சாட்சி செல்லுமான்னு கேக்கறவங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. ஆந்திராவுல பிறவியிலயே கண் தெரியாத 19 வயசு பொண்ணு குத்தவாளிய குரல வெச்சு அடையாளம் சொன்னா, 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கிட்டு தண்டனைய உறுதி பண்ணுச்சு, மாற்றுத்திறனாளி சொல்ற சாட்சிங்கிறதாலயே அத மட்டமா பாக்கக் கூடாதுன்னும் எழுதுச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் கேள்விய கேப்பாரு, உங்க வக்கீல்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

இன்னொரு வகை இருக்கு, வெளி ஆள் அடிக்கல, வீட்டுக்குள்ளயே சோறு போடாம, அறைல பூட்டி, உதவித்தொகைய அடுத்தவன் ஏடிஎம் கார்டுல எடுத்துக்கிட்டு நடக்கிற கொடுமை. இதுக்கு ஸ்டேஷனுக்குப் போனா குடும்ப விஷயம்னு திருப்பி அனுப்புவாங்க, அந்த மாற்றுத்திறனாளிக்கும் அண்ணன ஜெயில்ல போடணும்னு இருக்காது, நிம்மதியா இருக்க இடமும் சோறும்தான் வேணும். இந்த மாதிரிக்கு எனக்கு ஸ்டேஷன விட 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 7வது பிரிவு நல்லதா படுது. எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்கிட்ட, அதாவது ஆர்டிஓ, தாசில்தார் மாதிரி அந்த அதிகாரம் இருக்கிற வருவாய்த்துறை அதிகாரிகிட்ட புகார் குடுக்கலாம், பாதிக்கப்பட்டவரே குடுக்கணும்னு இல்ல, அக்கம்பக்கத்துல யாரு வேணா தகவல் சொல்லலாம். அவர் கொடுமைய நிறுத்த உத்தரவு போடலாம், மீட்டு பாதுகாப்பான இடத்துல வெக்கச் சொல்லலாம், பராமரிப்புத் தொகை குடுக்கச் சொல்லவும் அதிகாரம் இருக்கு. குற்றம்னு தெரிஞ்சா அவரே கோர்ட்டுக்கு அனுப்பலாம். இதே பிரிவு போலீசுக்கும் ஒரு கடமைய வெச்சிருக்கு, புகார் வந்தா எந்த மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகணும், இலவச சட்ட உதவி உண்டுன்னு அவங்கதான் எடுத்துச் சொல்லணும். இவ்வளவு நல்ல வழி இருந்தும் இந்தப் பிரிவுல மனு அடிச்சுக் குடுங்கன்னு வர்றவங்க ரொம்ப ரொம்ப கம்மி, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு.

சரி, கலெக்டர் மனு எதுக்குத்தான் ஆகும்? கலெக்டர் கைக்குக் கீழ இருக்கிற ஆபீஸ் குடுக்க வேண்டியது எல்லாத்துக்கும் ஆகும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி கார்டு தள்ளிக்கிட்டே போகுது, மாசம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை நின்னு போச்சு, இணைப்பு சக்கர ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டு பதில் இல்ல, பட்டா பேர் மாத்தல, இதுக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள்தான் சரி, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் அங்கயே இருப்பாரு. மனுவுக்கு நம்பர் வாங்கிட்டு வாங்க, வராதவங்க முதல்வரின் முகவரி 1100க்கு போன் போட்டும் பதிவு பண்ணலாம்.

அந்த ஆபீசே நம்மள புறக்கணிச்சா? வேலைல இட ஒதுக்கீடு குடுக்கல, ஸ்கூல்ல சேக்கல, கட்டடத்துல சாய்தளம் இல்ல, இந்த மாதிரின்னா சென்னைல இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். இவருக்கு சிவில் கோர்ட் மாதிரி ஆள வரவழைக்கிற, ஆவணத்த கேக்கிற அதிகாரம் உண்டு, ஆனா கடைசில வர்றது பரிந்துரைதான். அந்த ஆபீஸ் 3 மாசத்துக்குள்ள என்ன செஞ்சோம்னு சொல்லணும், ஏத்துக்கலன்னா ஏன்னு காரணத்த உங்களுக்கும் எழுதிக் குடுக்கணும். கலெக்டர் மனுவோட ஒப்பிட்டா இது மெதுவா இருக்கும், ஆனா எழுத்துல வர்ற காரணம் பின்னாடி ஹைகோர்ட்டுக்குப் போக பிடிமானம். மத்திய அரசு ஆபீஸ், தேசிய வங்கின்னா டெல்லில இருக்கிற தலைமை ஆணையர். பங்காளி சண்டைக்கு இவங்ககிட்ட எழுதி பிரயோஜனம் இல்ல, தபால் செலவுதான் மிச்சம்.

இப்ப நிலம், பாகம். இதுக்கு கோர்ட்ட தவிர வேற வழியில்ல, கேள்வி என்னன்னா சொந்தமா வக்கீல் வெக்கறதா, இலவச சட்ட உதவியான்னு. பல பேர் இலவசம்னா ஏழைங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்கறாங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவுல மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே கெடையாது, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் குழந்தைங்களுக்கும் அப்படித்தான். நிலம் இருக்கே, அண்ணன் கவர்மெண்ட் வேலைல இருக்காரேன்னு யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு இடத்துலயும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, தாலுகா கோர்ட் இருக்கிற ஊர்ல வட்ட சட்டப் பணிகள் குழு. வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்ல, கோர்ட் ஃபீஸ், டைப்பிங் செலவு, ஆவணம் மொழிபெயர்ப்பு வரைக்கும் அவங்களே பாத்துக்கணும். பாக வழக்குல சொத்து மதிப்பு கூடினா கோர்ட் ஃபீஸ் பெரிய தொகையா வந்து நிக்கும், அத கட்ட முடியாமயே பாகத்த விட்டவங்க உண்டு.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். பேனல் வக்கீல், அதாவது சட்ட உதவிப் பட்டியல்ல இருக்கிற வக்கீலுக்கு ஆணைக்குழு குடுக்கிற ஃபீஸ் கம்மி, சிலர் நல்லா உழைப்பாங்க, சிலர் வாய்தா வாங்கிட்டு போயிடுவாங்க. சொந்த வக்கீல்னா நம்ம போன எடுப்பாரு, பணம் குடுத்திருக்கோம்னு ஒரு உரிமையா கேக்கலாம், ஆனா பாகக் கேஸ் பத்து வருஷம் இழுத்தா அந்தப் பணத்துக்கே நிலத்த அடமானம் வெக்கணும். என் கருத்து, முதல்ல சட்ட உதவில ஆரம்பிங்க. வக்கீல் சரியா வரலன்னா ஆணைக்குழு செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்து வேற வக்கீல் கேக்கலாம், பேனல் வக்கீல் உங்ககிட்ட காசு கேட்டாலும் அங்கயே புகார் சொல்லலாம். வழக்கு எங்க நிக்குதுன்னு இகோர்ட்ஸ் ஆப்ல 16 எழுத்து சிஎன்ஆர் நம்பர போட்டு நீங்களே பாத்துக்கலாம், அதுக்கு எந்த வக்கீலையும் கெஞ்ச வேண்டாம்.

கோர்ட்னா லேட்டாகும்னு பயம் எல்லாருக்கும் இருக்கு, நியாயமான பயம்தான். அரூர் பக்கத்துல வாச்சாத்தி ஜனங்க 1992ல பட்ட கொடுமைக்கு தர்மபுரி கோர்ட்ல தீர்ப்பு வர 2011 ஆச்சு, ஹைகோர்ட் அத உறுதி பண்ண 2023. ஆனா குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியருங்கள்ல அன்னிக்கு உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு அந்தத் தீர்ப்பு சொன்னுச்சு. அந்த மலையடிவாரத்து பொண்ணுங்க கோர்ட்ல வந்து நின்னு சொன்ன சாட்சியத்தால வந்த தீர்ப்பு அது. அவ்வளவு வருஷம் யாரும் காத்திருக்கக் கூடாது, அதுக்காக சாட்சிய வித்துட்டு வரவும் கூடாது.

கோர்ட் உள்ள போறதே சிலருக்கு பெரிய வேலை. மாடில ஹால், லிஃப்ட் வேலை செய்யாது, தூக்கிட்டுப் போற அண்ணனுக்கு முதுகு போயிடும். 2016 சட்டம் 12வது பிரிவுல எந்தக் கோர்ட்டா இருந்தாலும் மாற்றுத்திறனாளி பாகுபாடு இல்லாம அணுக வழி செய்யணும்னு இருக்கு, சாட்சியம் அவங்களுக்கு வசதியான மொழில, முறையில பதிவு பண்ண வசதி வேணும்னும் இருக்கு. 2022 ஜனவரில சுப்ரீம் கோர்ட், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிங்க பட்டியல்ல மாற்றுத்திறனாளிங்களையும் சேத்து, எல்லா மாவட்டத்துலயும் அவங்களுக்கு தனி சாட்சிய அறை வெக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அதனால முதல் வாய்தாவுக்கு முன்னாடியே ஒரு மெமோ போடுங்க: கீழ்த்தள ஹால் வேணும், தனி அறை வேணும், வீடியோ கான்பரன்ஸ் வேணும், இடைவேளை வேணும், எது தேவையோ அத. வாய்ல கேட்டா சரின்னு சொல்லிட்டு மறந்துடுவாங்க, மெமோ கட்டுல இருந்தா ஜட்ஜ் அதுக்கு ஒரு பதில் எழுதியாகணும்.

விபத்துல கை கால் போனவங்க நம்ம மாவட்டத்துல ரொம்ப அதிகம், தொப்பூர் கணவாய் ஒண்ணு போதும். இவங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டிலுக்கே ஏஜெண்ட் வந்து நிப்பான், கேஸ் நான் நடத்தித் தரேன், வர்றதுல இவ்வளவு எனக்குன்னு. அவன் சொல்ற பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சட்ட உதவில ஒரு தடவ கேட்டுடுங்க, நஷ்டஈட்டு மனுவும் அங்க இலவசமா போட்டுத் தருவாங்க. 2022 ஏப்ரல்ல இருந்து விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம், தள்ளிப் போடாதீங்க. சதவீத சர்டிபிகேட்ல 60ன்னு இருந்தா நஷ்டஈடும் அந்தக் கணக்குத்தான்னு இன்சூரன்ஸ்காரங்க சொல்வாங்க, அது தப்பு. இடது கை போன ஆள் டிரைவரோ தச்சரோவா இருந்தா அவரோட சம்பாதிக்கிற சக்தி கிட்டத்தட்ட முழுசா போச்சுன்னு பாக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே உதாரணம் காட்டி எழுதியிருக்கு. என்ன வேலை பாத்தீங்கன்னு காட்ட லைசென்ஸ், லோடு புக், சம்பள சீட்டு எதுவானாலும் பத்திரமா வைங்க.

விபத்து கேஸ்ல ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்கிற லோக் அதாலத் வரும், சீக்கிரம் பணம் கிடைக்கும், கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்பும். வீட்டுல சம்பாதிக்க வேற ஆள் இல்ல, அடுத்த ஆபரேஷனுக்கு காசு இல்லன்னா அது நல்ல வழிதான். ஆனா அங்க ஒத்துக்கிட்டா கோர்ட் தீர்ப்புக்கு சமம், மேல அப்பீல் கெடையாது. வாழ்நாள் முழுக்க ஒருத்தர் துணை வேணும்ங்கிற அளவு காயம்னா, அந்த துணைக்கு ஆகிற செலவையும் கணக்குல போட்டாங்களான்னு பாக்காம தலையாட்டாதீங்க. பிடிக்கலன்னா வேண்டாம்னு எழுந்து வரலாம், கேஸ் பழையபடி கோர்ட்ல நடக்கும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் இருக்கிற 18 வயசு தாண்டின பிள்ளைங்களுக்கு காப்பாளர் வேணும்னா கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்ல, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமைல இருக்கிற உள்ளூர் அளவிலான குழுகிட்ட மனு குடுக்கலாம்.

சித்தேரி மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் மேல எழுதின எந்த ஆபீசும் பக்கத்துல இல்ல, பஸ் போனா ஒரு நாள் கூலி போச்சு. அவங்க முதல்ல 15100க்கு போன் பண்ணுங்க, சட்ட உதவிக்கான நம்பர் அது. காது கேக்காதவங்களுக்காக வீட்டுல யாராச்சும் பேசலாம். இல்லன்னா ஒரு வெள்ளப் பேப்பர்ல என்ன நடந்துச்சு, என்ன குறை, என்ன வசதி வேணும்னு தமிழ்ல எழுதி, அடையாள அட்டை ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் வெச்சு ஆணைக்குழுவுக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. அடிதடின்னா ஸ்டேஷன் புகார் குடுக்கிற அன்னிக்கே இதையும் அனுப்பிடுங்க, ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ண நிறுத்தி வெக்காதீங்க. எழுத வராதவங்களுக்கு அந்தந்த ஊர்ல சட்டத் தன்னார்வலர்னு ஆள் இருப்பாங்க, ஆணைக்குழுல கேட்டா யாருன்னு சொல்வாங்க.